எபியின் ஆமென்

"அன்பின் பரம தகப்பனே" என்று குருவானவர் ஆரம்பித்ததும் கூடத்தில் இருந்த எல்லாக் கண்களும் மூடிக்கொண்டன, பெர்சி டீச்சருடையதைத் தவிர. அவள் மூடமாட்டாள். பாலர் பள்ளி டீச்சர் கண்ணை மூடி ஜெபித்தால் ஆமென் வருவதற்குள் ஒன்று மூக்குக்குள் புளியங்கொட்டையைத் திணித்திருக்கும், இன்னொன்று பக்கத்துப் பிள்ளையின் சடையை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருக்கும். வேலைக்கு வந்த புதிதிலேயே இதைக் கர்த்தரிடம் எடுத்துச் சொல்லி உத்தரவு கேட்டாள், அவரும் கூடாது என்று சொல்லவில்லை. ஆக, ஊரே கண்ணை மூடியிருக்கும்போது ஊரைப் பார்க்கிற பாக்கியம் அவளுக்கு வாய்த்தது. மற்ற நாளென்றால் அதில் ஒரு சந்தோஷம் உண்டு. எவ்வளவு பெரிய சண்டைக்காரியும் கண்ணை மூடிவிட்டால் பச்சைப்பிள்ளை மாதிரி ஆகிவிடுகிறாள். இன்றைக்கு எதையும் ரசிக்க மனசு ஓடவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் அண்டாவில் கறிக்குழம்பு கொதித்து அடங்கிவிட்டது, அதன் மணம் உள்ளே வந்து பிள்ளைகளின் வயிற்றைக் கிள்ளுகிறது. எபி வீட்டு அசனம். வருஷத்துக்கு ஒருமுறை சபையார் எல்லாரும் கூடிச் சமைத்துச் சாப்பிடுகிற அந்த விருந்தை, எபி வீட்டார் இன்றைக்குத் தனியாக இந்தப் பள்ளிக்கூடத்தில் போடுகிறார்கள், வாய் பேசாத எபிக்குப் பேச்சு வந்துவிட்ட சந்தோஷத்தில். குருவானவர் ஜெபம் ஊர் அறிந்தது. அவர் ஆமென் சொல்வதற்குள் சோறு ஆறும், குழம்பில் ஆடை கட்டும் என்று பெண்கள் சிரிப்பார்கள். இன்றைக்கு மட்டும் ஆறட்டும், இன்னும் நீளட்டும், முடியாமலே போகட்டும் என்று பெர்சி டீச்சர் வேண்டிக்கொண்டாள். ஏனென்றால் ஜெபம் முடிந்ததும் "நம்ம டீச்சர் ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லுவாவ" என்று அவர் முன்னாலேயே அறிவித்துவிட்டார். எபிக்குப் பேச்சு வரவில்லை. காதும் கேட்கவில்லை. இது அவளுக்குத் தெரியும், அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"இந்த நல்ல மத்தியான வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்றார் குருவானவர். எபி பேசிவிட்டான் என்று ஆன அன்றைக்கும் மத்தியானம்தான். இதே கூடம், இதே பாய், சாப்பாட்டு ஜெபம். சொர்ணம் ஆயா ராகம் போட்டு ஜெபித்தாள், பிள்ளைகள் கண்ணை இறுக்கி மூடிக் கை கூப்பியிருந்தன, எபிக்குச் சோறூட்ட வந்த அவன் அம்மா செல்வி சுவரோரம் நின்றாள். பிள்ளைகள் சேர்ந்து ஆமென் சொல்லி முடித்தார்கள். முடித்தபிறகு தனியாக ஒரு குரல், பிந்தி, இழுத்து, "ஆ…மென்" என்றது. சொன்னது ஷைனி. எதையும் எல்லாரும் முடித்தபிறகு ஆரம்பிக்கிற ஷைனி, எபிக்குப் பின்னால் உட்கார்ந்து விரலைச் சப்பிக்கொண்டிருந்தவள், விரலை எடுத்துவிட்டுச் சொன்னாள். அதே நேரத்தில் எபி கொட்டாவி விட்டான். அவ்வளவுதான் நடந்தது. ஆயா கண்ணைத் திறந்தபோது எபியின் வாய் திறந்திருந்தது. "எபி! எபி சொல்லிட்டான்! ஏ செல்வி, ஒம் மவன் ஆமென் சொல்லிட்டான்!" என்று ஆயா போட்ட கூச்சலில் காக்கை பறந்தது. செல்வி அப்படியே தரையில் விழுந்து சிமெண்டில் கையால் அடித்து அடித்து அழுதாள். பெர்சி டீச்சர் ஷைனி என்று சொல்ல வாயெடுத்தாள். ஷை என்பது நாக்குக்கு வந்துவிட்டது. அழுகிறவளைப் பார்த்ததும் மீதி தொண்டையிலேயே நின்றுவிட்டது, மீன்முள் மாதிரி, அன்றிலிருந்து விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கொஞ்சம் அழுது ஓயட்டும், அப்புறம் சொல்லலாம் என்றுதான் நினைத்தாள். அதற்குள் ஆயா தெருவுக்கு ஓடிவிட்டாள். ஷைனியோ எழுந்து நின்று எபிக்காகக் கைதட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் எபியும் சொல்லியிருந்தால்? இரண்டு குரல் சேர்ந்து ஒன்றாகக் கேட்டிருந்தால்? கொட்டாவி என்று அவள் நினைத்தது கொட்டாவி இல்லையென்றால்? எத்தனை இரவு அந்த வாயை மனசுக்குள் மறுபடி மறுபடி திறந்து பார்த்துவிட்டாள். மூக்கு சுருங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, கொட்டாவிதான். கொட்டாவியேதான்.

"எங்கள் விண்ணப்பத்துக்கு நீர் செவிசாய்த்தபடியால்" என்கிறார் குருவானவர். செவி. ஆமென் கேட்ட மறுநாளே அவள் எபியின் செவியைச் சோதித்துப் பார்த்தாள், அதைச் சோதனை என்று சொல்ல நாக்குக் கூசுகிறது, ஆனால் வேறு என்ன பெயர்? எபி முதுகைக் காட்டி உட்கார்ந்து பாயின் ஓரத்தில் போகிற எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டாள். போடும்போது, திரும்பு ராசா, திரும்பிரு, நான் பார்த்தது பொய்யாகட்டும், என் கண் அவிந்து போகட்டும், நீ திரும்பு என்று உள்ளுக்குள் கதறினாள். தட்டு சுழன்று சுழன்று விழுந்தது. அவன் எறும்புக்கு வழி விட்டு விரலை நகர்த்திக்கொண்டான். மற்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பின. அவை திரும்புவதைப் பார்த்து அவனும் திரும்பினான், திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தான். அப்படியொரு கெட்டிக்காரன். பத்துப் பிள்ளை எழுந்தால் எழுவான், கைதட்டினால் தட்டுவான், சிரித்தால் சிரிப்பான். அந்தக் கெட்டிக்காரத்தனமே அவனுக்கு வினையாகிவிட்டது. வாசலில் நின்று பார்த்த ஆயா "பாத்தியளா, சத்தம் கேட்டுத் திரும்புதான்" என்று அதையும் கொண்டுபோய்ச் சபையில் சேர்த்துவிட்டாள். ஆயாவை எதற்குக் குறை சொல்ல? பொய் சொல்லத் தெரியாத மனுஷி. ஆசைப்பட்டதைப் பார்த்தாள், பார்த்ததைச் சொன்னாள்.

இவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! கெட்டவனிடம் நெஞ்சை நிமிர்த்திப் பேசிவிடலாம். இதோ கண்ணை மூடிக் கண்ணீர் வழிய உட்கார்ந்திருக்கிற இந்தப் பெண்கள் எபிக்காக வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் இருந்தவர்கள், வெயில் காலத்திலும் பச்சைத்தண்ணீர் குடிக்காமல். கதவோரம் தொப்பியைக் கையில் வைத்து நிற்கிற ஆட்டோக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போக வர ஒருநாளும் பைசா வாங்காதவர். இந்தச் சின்னஞ்சிறுசுகள் எபியைக் கூப்பிட வேண்டுமென்றால் சத்தம் போடுவதில்லை, எதிரே போய்த் தோளில் தொடும். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவையே பழகிக்கொண்ட வழக்கம், அதைப் பார்த்து அவளே எத்தனை முறை கண் கலங்கியிருக்கிறாள். இந்த அன்புதான் இப்போது கழுத்தைப் பிடிக்கிறது. முதல் வரிசையில் எபியின் அப்பாவைப் பெற்ற ஞானப்பூ அம்மாள் முக்காட்டுக்குள் உதடு துடிக்க உட்கார்ந்திருக்கிறாள். செல்வி வேறு சாதி, வேறு சாமி. மகன் ஆசீர் அவளை இழுத்துக்கொண்டு வந்தபோது ஞானப்பூ அம்மாள் வாசலில் நின்று கூப்பாடு போட்டாள். செல்வி ஞானஸ்நானம் எடுத்து ரூத் ஆனாள், முழங்கால் போட்டாள், வசனம் படித்தாள், ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்த அன்று "அவ கும்பிட்டுட்டு வந்த பாவம் எம் பேரன் தலையில விடிஞ்சிருக்கு" என்றாள் மாமியார். அதற்கப்புறம் மருமகளோடு பேச்சே கிடையாது. ஆமென் கேட்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமை அதே மாமியார் ஆலயத்தில் எல்லார் முன்னாலும் மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். இப்போது போய், அம்மா, அது கொட்டாவி என்று சொல்ல எந்தக் கல்நெஞ்சுக்கு வரும்?

வரத்தான் வேண்டும், வராமல் முடியாது, திங்கட்கிழமை இருக்கிறதே. "வைத்தியர்களால் கூடாததை" என்று குருவானவர் அந்த இடத்துக்கு வந்துவிட்டார். கூடாது என்று எந்த வைத்தியர் சொன்னார்? பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா தெளிவாகத்தானே சொன்னாள், காதுக்குள் கருவி வைத்தால் கேட்கும், கேட்டால் பேச்சு வரும், அரசாங்கமே செய்துகொடுக்கும், ஆனால் வயது ஏற ஏற மூளைக்குச் சத்தம் பழகாது, இந்தத் தடவை விட்டால் அடுத்த தடவை கூப்பிடும்போது பிள்ளைக்கு வயது தாண்டிப்போகும். பெர்சி டீச்சரும்தானே அன்றைக்குச் செல்வியோடு போயிருந்தாள், தன் காதாலேயே கேட்டாளே. திங்கட்கிழமை வந்து சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் ஆசீரை வழியில் பார்த்து நயமாக ஆரம்பித்தாள், எதற்கும் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் காட்டிவிடுங்களேன் என்று. அவன் சிரித்தான், அந்தச் சிரிப்பில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. "கர்த்தர் தொறந்த காத நாம கத்தி வச்சுத் தொறக்கணுமா டீச்சர்? அவர நம்பலன்னு ஆயிராதா?" என்றான். குருவானவரிடமே போனாள். வராந்தாவில் நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்தார்கள். "ஐயா, அன்னைக்குச் சொன்னது எபி இல்ல. ஷைனி. நான் பாத்தேன்" என்று சொல்லியே விட்டாள். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். அவள் தலைக்கு மேலே கையை நீட்டி "சந்தேகம் நல்ல விசுவாசிக்குத்தான்மா வரும். ஒங்களுக்காக ஜெபம் பண்ணுதேன்" என்று அங்கேயே கண்ணை மூடிவிட்டார். எபியைப் பற்றிப் பேசப் போனவள் தனக்காக ஜெபம் வாங்கிக்கொண்டு வந்தாள். சாட்சி சொல்ல அவளைத் தேர்ந்தெடுத்ததுகூட அதனால்தான் இருக்கும். வாயால் சொன்னால் மனசு நம்பிவிடும் என்று அவருக்கு எண்ணம், நல்ல எண்ணம்தான்.

சாட்சி. கோர்ட்டில் அந்த வார்த்தைக்குக் கண்ணால் கண்டதைச் சொல்வது என்று அர்த்தம், சபையில் பெற்றுக்கொண்ட நன்மைக்கு நன்றி சொல்வது என்று அர்த்தம். இரண்டுக்கும் ஒரே வார்த்தையை வைத்த புண்ணியவான் எவன்? கண்டவள் அவள் ஒருத்தி, ஆகவே அவள் சாட்சி. கண்டதைச் சொன்னால் அது சாட்சி இல்லை. மின்விசிறி கடக் கடக்கென்கிறது. ஒருவேளை அவளுக்குத்தான் விசுவாசம் செத்துவிட்டதோ? சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளியில் ஜெபத்தில் கண் திறந்தால் தொடையில் கிள்ளு விழும், கண் திறந்தவள் ஆசீர்வாதத்தை இழப்பாள் என்பார்கள். இழந்துவிட்டாளோ, அதனால்தான் எல்லாருக்கும் தெரிகிற அற்புதம் அவளுக்குக் கொட்டாவியாகத் தெரிகிறதோ? அற்புதத்தில் அவளுக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. தகப்பனார் பிழைக்கமாட்டார் என்று வீட்டுக்கு அனுப்பினபிறகு எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டதை அவள் பார்த்தவள். கர்த்தரால் ஆகாதது ஒன்றுமில்லை. ஆனால் கர்த்தர் செய்ததாக நாமே எழுதி நாமே கையெழுத்துப் போட்டால் அவர் என்னதான் செய்வார், பாவம். ஒருவேளை அந்த டாக்டரம்மாவை அனுப்பியவரே அவர்தானோ, இவர்கள் வாசலிலேயே நிறுத்திவிட்டார்களோ? சொல்லிவிட வேண்டும். இரண்டு வார்த்தைதானே கேட்டார், எபிக்குக் கேட்கவில்லை, சரியாக இரண்டு வார்த்தை. எழுந்ததும் சொல்லிவிட வேண்டும், யாரையும் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். அதற்கப்புறம்? ஞானப்பூ அம்மாள் முக்காட்டை விலக்கி மருமகளைத் திரும்பிப் பார்ப்பாள். சொல்லாவிட்டால் எபி. சொன்னால் செல்வி. கர்த்தாவே, இதில் எதை எடுத்தாலும் உம்முடைய பிள்ளைதானே.

"இந்தப் பாலகனை ஊழியத்தின் பாதையில் நடத்தும்" என்ற இடத்தில் குருவானவர் குரல் இறங்கியது. அது இறங்கினால் முடிவு நெருங்கிவிட்டது என்று அர்த்தம். வேண்டாம், இன்னும் தேசத்துக்காக ஜெபிக்கவில்லையே, மழைக்காக ஜெபிக்கவில்லையே, என்று பெர்சி டீச்சர் பரிதாபமாக எண்ணிக்கொண்டாள். கடைசியாக ஒருமுறை எபியைப் பார்த்தாள். புதுச்சட்டை, எண்ணெய் வழிகிற தலை, அம்மா மடியில் உட்கார்ந்து மின்விசிறியின் நிழல் தரையில் ஓடுவதைக் கண்ணால் துரத்திக்கொண்டிருந்தான். பார்வை அவன் தலையிலிருந்து கொஞ்சம் மேலே போனது. அங்கே இரண்டு கண்கள் திறந்திருந்தன. செல்வி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடுக்கிட்டு விழித்த கண் இல்லை. வெகுநேரமாகத் திறந்தே இருந்த கண், அழாத கண். "ஆமென்" என்றார் குருவானவர். கூடம் முழுக்க "ஆமென்" என்றது. யாரும் கண்ணைத் திறக்கவில்லை. எல்லாரும் இன்னொரு ஆமெனுக்குக் காத்திருந்தார்கள், எபியினுடையதற்கு. பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே செல்வி குனிந்தாள். மகனின் உச்சந்தலைக்குப் பின்னால் வாயைக் கொண்டுபோய், சின்னஞ்சிறு குரலில், பிந்தி, இழுத்து, "ஆ…மென்" என்றாள்.

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று கூடம் அதிர்ந்தது. ஞானப்பூ அம்மாள் பேரனை வாரி எடுத்து முத்தமிட்டாள், முத்தமிட்ட வாயோடு மருமகளின் நெற்றியிலும் முத்தமிட்டாள். பெர்சி டீச்சருக்குக் காது அடைத்துக்கொண்டது. அப்படியானால் அன்றைக்கும் இவள் கண்ணை மூடியிருக்கவில்லை. சுவரோரம் நின்றவளுக்குப் பிள்ளையின் முகம் நேரேதான் தெரிந்திருக்கும். மகன் வாயைத் தவிர வேறு எதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்? அன்றைக்குச் செல்வி ஷைனியைப் பார்த்தாள். கொட்டாவியைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் தரையில் விழுந்து அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்றல்லவா இத்தனை நாளும் டீச்சர் நினைத்திருந்தாள்! ஐயோ, பெண்ணே. "டீச்சர், வாருங்க, சாட்சி சொல்லுங்க" என்று குருவானவர் அழைத்தார். எழுந்து நடந்தாள். செல்வியைத் தாண்டும்போது சேலை முந்தானை இழுபட்டது. செல்வி தரையைப் பார்த்துக்கொண்டே, உதடு அசையாமல் சொன்னாள்: "டீச்சர், அந்த வீட்ல இப்பத்தான் என்னையும் கூட உக்கார வச்சுச் சோறு போடுதாவ."

பெர்சி டீச்சர் முன்னால் போய் நின்றாள். அத்தனை முகங்களும் மலர்ந்து அவளையே பார்த்தன. சுவரைப் பார்க்க நினைத்தாள், சுவர் கிடைக்கவில்லை. "திங்கக்கிழமை" என்று தொடங்கினாள், குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. "திங்கக்கிழமை எபிய ஆஸ்பத்திரிக்கு… எபிக்கு இன்னும்…" அதற்குமேல் போக முடியாமல் செல்வியைப் பார்த்தாள், எபியைப் பார்த்தாள், மறுபடி செல்வியைப் பார்த்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "எபிக்காக…" என்றாள். "பாருங்க, டீச்சருக்கு வார்த்த வரல" என்று குருவானவர் தழுதழுத்தார், "எபிக்காக இன்னும் ஜெபம் பண்ணணும்னு கேக்காவ. ஆஸ்பத்திரிக்குப் போற அவசியமே இல்லாமப் பண்ணின தேவனுக்கு இன்னொரு விசை நன்றி சொல்லுவோம். எல்லாரும் கண்கள மூடுங்க." இல்லை என்று அவள் சொன்னாள். சொன்னதாகத்தான் அவளுக்குத் தோன்றியது. எல்லாக் கண்களும் மூடிக்கொண்டன. எபி பாட்டியின் மடியிலிருந்து நழுவி அம்மாவிடம் வந்திருந்தான். டீச்சர் அழுவதை அவன் ஒருத்தன்தான் பார்த்தான். முகம் சுளித்து, கையை நீட்டி, தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, என்ன என்று கேட்டான். செல்வி அவனைத் தன் பக்கம் இழுத்து நெஞ்சோடு சேர்த்து, உள்ளங்கையால் அவன் இரண்டு கண்ணையும் பொத்தினாள். குருவானவர் ஜெபித்துக்கொண்டிருந்தார். எபி அந்தக் கையை விலக்கப் பார்த்துக்கொண்டே இருந்தான்.